கீமோ முடிஞ்ச அப்பாவை நடக்க விடலாமா? மாமி வேண்டாம் எண்டுறா

வெள்ளவத்தை மகள்:
அப்பாவுக்கு 58 வயசு. பெருங்குடல் புற்றுநோய், ஸ்டேஜ் 3, பக்கத்து நிணநீர்க் கணுவுக்கும் பரவினது. ஒப்பரேஷன் முடிஞ்சு, ஒக்ஸாலிபிளாட்டின் எண்ட கீமோ மருந்து ஏத்தி, கெப்ஸைட்டபின் குளிசையும் போட்டு, மூண்டு மாதத்தோடை காணும் எண்டுட்டினம். அதுவும் முடிஞ்சு இப்ப ரெண்டு மாதத்துக்கு மேலை. ஸ்கேன் சுத்தம்.

பிரச்சினை வீட்டிலைதான். ஆள் கதிரையை விட்டு எழும்பினா அம்மா பின்னாலை ஓடுறா. மாமி வந்தா இன்னும் மோசம்: "நோய் கண்ட உடம்பு, அலைக்கழிக்காதேங்கோ, சூப் குடுத்துப் படுக்க விடுங்கோ." டொரன்டோவிலை இருக்கிற அண்ணா வட்சப்பிலை ஒரு செய்தியை அனுப்பி, நடந்தா நோய் திரும்பி வராதாம், அப்பாவை இழுத்துக்கொண்டு போ எண்டு நிக்கிறான். தூரத்திலை இருந்து சொல்லுறது சுகம். கிளினிக்கிலை கேட்டன். "ஓம், நடக்கட்டும்" எண்ட கையோடை அடுத்த நம்பரைக் கூப்பிட்டாச்சு.

அப்பா கணக்கு வேலை பாத்தவர். பஸ் ஹோல்ட் மட்டும் போய் வந்ததைத் தவிர வேறை நடை இல்லை. இப்ப ரெண்டு பாதமும் விறைப்பு, தடிச்ச சொக்ஸ் போட்டுக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்காம். அண்ணா அனுப்பினது மெய்யா? மெய் எண்டா இந்த வெக்கையிலை எவ்வளவு நடக்க வேணும்? 6 மாதம் குடுக்கிற கீமோவை 3 மாதத்தோடை நிப்பாட்டிப்போட்டினம் எண்டு அம்மாவுக்கு இன்னொரு கவலை.

பிசியோ தெஹிவளை:
அண்ணா அனுப்பியது மெய்யான ஆய்வு. "திரும்பி வராது" என்பது மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு. ஆய்வின் பெயர் சலெஞ்ச். 2025 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒப்பரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர், பெரும்பாலும் கனடா, அவுஸ்திரேலியாக்காரர். பாதிப் பேருக்கு 3 வருடம் ஒழுங்கான உடற்பயிற்சித் திட்டம். மற்றப் பாதிக்கு உடற்பயிற்சி நல்லது என்று சொல்லும் புத்தகங்கள். 5 வருடத்தில் நோய் திரும்பாமல், வேறு புற்றுநோயும் வராமல் இருந்தவர்கள் 80.3 வீதம், புத்தகக்காரரில் 73.9. 8 வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 வீதம், மற்றப் பக்கம் 83.2. நூற்றுக்கு ஏழு பேர் வித்தியாசம்! இதைவிடக் குறைந்த பலனுக்கு இலட்சக்கணக்கில் மருந்து வாங்குகிறோம்.

எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. உடற்பயிற்சி செய்யுங்கள் என்று இரண்டு பகுதிக்கும்தான் சொன்னார்கள். கூட நிற்க ஆள் இருந்தது ஒரு பகுதிக்குத்தான். முதல் 6 மாதம் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சந்தித்து, கண்ணெதிரே செய்வித்து, பிறகு இடைவெளியைக் கூட்டினாலும் 3 வருடம் ஆளை விடவில்லை. உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான். "நடவுங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனால் அவர் புத்தகக்காரர் பக்கம்தான் சேருவார்.

கிழமைக்கு மூன்று நாலு தரம், 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை வேக நடை. இது போய்ச் சேரவேண்டிய இடம். 6 மாதம் எடுக்கட்டும். முதல் கிழமை 10 நிமிடம் காணும். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். தசை, மூட்டு நோவு பயிற்சி செய்தவர்களுக்குக் கூடத்தான் வந்தது, 18.5 வீதம், மற்றவர்களில் 11.5. நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ இருந்தால் முதலில் டொக்டர், பிறகு சப்பாத்து.

கொட்டாஞ்சேனைப் பெரியவர்:
பிள்ளை, நானும் அந்த ஒக்ஸாலிபிளாட்டின் ஏத்தின ஆள்தான், எனக்கு 6 மாதம். அது தந்த விறைப்பு இன்னும் முழுக்கப் போகேல்லை. அம்மாவுக்குச் சொல்லுங்கோ, 3 மாதம் எண்டது ஏமாத்தின கணக்கில்லை. ஆறு ஆய்வைச் சேர்த்து, 12,834 பேரை வைச்சு 2018இலை முடிவு வந்தது. ஸ்டேஜ் 3இலையும் நோய் திரும்புற ஆபத்துக் குறைஞ்ச பக்கத்திலை நிக்கிறவைக்கு, உங்கடை அப்பாவுக்குக் குடுத்த இதே சோடி மருந்து 3 மாதத்திலையே கிட்டத்தட்ட அதே பலனைத் தருது. விறைப்பு வாறது 6 மாதம் ஏத்தினவையோடை பாத்தா மூண்டிலை ஒரு பங்குதான். அப்பா அந்தப் பக்கமோ எண்டு அவரின்ரை டொக்டரிட்டைக் கேட்டு வையுங்கோ.

நான் பயப்பிடுறது அந்தக் காலுக்குத்தான். மருந்து நிண்ட பிறகும் கொஞ்ச மாதம் விறைப்புக் கூடலாம். கடற்கரை மணலிலை வெறுங்காலோடை விடாதேங்கோ, போத்தில் ஓடு குத்தினாலும் தெரியாது. கோயிலிலை இன்னும் கவனம். மத்தியானம் வீதிக் கல்லு கொதிக்கும், அவருக்கு விளங்காது, வீட்டை வந்து பாத்தா கொப்புளம். விடியப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ரப்பர் செருப்பை விட்டிட்டுக் கயிறு கட்டுற சப்பாத்து. ராவிலை உள்ளங்காலை ஆராவது பாக்க வேணும். காலி வீதி நடைபாதை சரிவராது, கடைச் சாமானும் உடைஞ்ச ஸ்லாப்பும். மரைன் டிரைவிலை வெளிச்சம் வந்த பிறகு, வெயில் ஏற முதல். மழை எண்டா பிளட்டுக்குள்ளையே கொரிடோரிலை போய் வரட்டும்.

மருதானை:
சலெஞ்ச் ஆய்விலை இருந்த 889 பேரும் ஒப்பரேஷன், கீமோ எல்லாம் முடிச்சவை. நடை அதுக்கு மேலதிகம். இதைக் காட்டி ஆரும் மருந்து தேவையில்லை எண்டா கலைச்சு விடுங்கோ.

மற்றது, அண்ணாவுக்கு எத்தினை வயசு? அப்பாவுக்கு 60க்கு முதல் பிடிபட்டபடியாலை, பிள்ளையள் 40 வயசிலை கொலனொஸ்கோபி, அதாவது கமரா விட்டுக் குடலைப் பாக்கிற சோதனை, தொடங்க வேணும் எண்டது வெளிநாட்டு வழிகாட்டல். அப்பாவின்ரை வயசிலை 10ஐக் கழிச்சு 40க்குக் கீழை வந்தா இன்னும் முந்தி. அப்பாவோடை கூடப்பிறந்தவைக்கும் இது பொருந்தும். மாமி அப்பாவின்ரை சகோதரியோ?

வெள்ளவத்தை மகள்:
அக்காதான். 63. அவவுக்கு இதை ஆர் சொல்லுறது எண்டு அம்மா கேக்கிறா. அண்ணாவுக்கு வைகாசியிலை 40. இந்தப் பக்கத்தை அவனுக்கு அனுப்பினன், நீலக் குறி விழுந்திட்டுது, சத்தமில்லை. அப்பா இண்டைக்கு விடிய என்னோடை ராமகிருஷ்ண வீதி மட்டும் வந்தவர். பாடிப் பாத்தாராம், நல்லாப் பாட முடிஞ்சுதாம். வேகம் காணாதோ?

பிசியோ தெஹிவளை:
முதல் கிழமை பாடட்டும். சப்பாத்துப் பின்னேரமாகப் போய் எடுங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். இறுக்கம் அவருக்குத் தெரியாது, விரல் நுனியில் நீங்கள் அமத்திப் பார்க்க வேண்டும்.