'சைன்ஸ்' படத்து ஏலியன்களுக்குத் தண்ணீரில் கண்டம்: ஓட்டையா, இல்லையா?

மொட்டைமாடி
நேற்று ராத்திரி மறுபடியும் 'சைன்ஸ்' பார்த்தேன். எம். நைட் ஷியாமளன் 2002-இல் எடுத்த படம். அடையாளம் என்று பொருள்படும் சைன்ஸ். அறிவியல் சைன்ஸ் இல்லை. படம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

பார்க்காதவர்களுக்கு: பென்சில்வேனியாவில் ஒரு மக்காச்சோளக் காடு. மனைவி விபத்தில் இறந்ததால் பாதிரியார் அங்கியைக் கழற்றிப் போட்ட மெல் கிப்சன், அவருடைய தம்பியாக வாக்கீன் ஃபீனிக்ஸ், இரண்டு பிள்ளைகள். காட்டில் வட்டம் வட்டமாகப் பயிர் மடிந்து கிடக்கிறது. அப்புறம் ஏலியன்கள் வருகிறார்கள். தண்ணீர் பட்டால் அமிலம் பட்ட மாதிரி வெந்து போகிறார்கள்.

தண்ணீரில் கண்டம் இருக்கிறவன், 71 விழுக்காடு தண்ணீர் மூடிய கோளுக்கு, மேலே ஒரு துணிகூட இல்லாமல் எதற்கு வந்தான்?

பேயோட்டி
ஏலியன் என்று யார் சொன்னது? அவை பிசாசுகள். ரசிகர்கள் வெகுநாளாகச் சொல்லிவரும் விளக்கம்தான் இது. வானத்தில் வெளிச்சம் தெரிகிறதே தவிர, கப்பலுக்குள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. துப்பாக்கி இல்லை, உடை இல்லை. வந்து நிற்பதோ நம்பிக்கை இழந்த பாதிரியார் வீட்டு வாசலில். மத்திய கிழக்கில் ஏதோ 'ஆதிகால முறை'யால் விரட்டினார்கள் என்று செய்தி வருகிறது. அது மந்திரித்த தீர்த்தம் இல்லாமல் வேறென்ன?

அந்தச் சின்னப் பெண் வீடு முழுக்கப் பாதி குடித்த டம்ளர்களை வைத்துவிட்டுப் போவாளே, அவள் பிறந்தபோது தேவதை மாதிரி இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னதாக அப்பாவே ஒரு காட்சியில் சொல்கிறார். தேவதை எச்சில் பட்ட தண்ணீர். போதுமா?

வேதியியல் வாத்தியார்
பிசாசுக்கு வழி தெரியாதா தம்பி? பயிரை மடித்து வரைபடம் போட்டுக்கொண்டு வருமா? குழந்தை அறையில் வைக்கிற வாக்கி டாக்கியில் அவர்கள் பேச்சு கேட்கிறதே, பிசாசுகள் எந்த அலைவரிசையில் பேசிக்கொள்ளும்? அந்தப் பயிர் வட்டங்களையும் ரொம்ப மதிக்காதீர்கள். டக் போவர், டேவ் சோர்லி என்ற இரண்டு இங்கிலாந்துக்காரர்கள், பலகையும் கயிறும் வைத்து நாங்கள்தான் செய்துகொண்டிருந்தோம் என்று 1991-இலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

தண்ணீர் நமக்குத்தான் சாது. சோடியம் உலோகத்தில் ஊற்றிப் பாருங்கள். வேறு வேதியியலில் உருவான உடம்புக்கு அது விஷமாக இருக்கலாம். வருகிறவன் எல்லாம் தெரிந்துகொண்டுதான் வருவான் என்றும் இல்லை. 1972-இல் அப்போலோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட், நிலவுத் தூசியை மோந்து மூக்கடைத்துப் போனார். அவர் நிலவியல் படித்தவர்.

மொட்டைமாடி
வாத்தியாரே, ஷ்மிட் உடை போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் தும்மல். நம்ம ஆள் பிறந்தமேனியாக அல்லவா வருகிறான்!

இன்னொன்று: படத்தில் இவர்கள் வந்தது நிலத்துக்காக இல்லை, மனிதர்களைப் பிடித்துப் போக. மனித உடம்பில் சுமார் 60 விழுக்காடு தண்ணீர். காரம் ஒத்துக்கொள்ளாதவன் ஆந்திரா மெஸ் தேடிப் போன கதை இது.

வடைச்சட்டி
எல்லோரும் தண்ணீரையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்த மளிகை அறைக் கதவை விட்டுவிட்டீர்களே! மனைவி செத்த விபத்தில் காரை ஓட்டிய ரே ரெட்டி வீட்டில் ஒரு ஏலியனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கோள் விட்டுக் கோள் வந்தவன், ஒரு மரக்கதவை உடைக்கத் தெரியாமல் அடியில் இருக்கும் சந்து வழியாக விரலை விட்டுத் துழாவுகிறான். கிப்சன் அந்த விரலைக் கத்தியால் நறுக்கிவிட்டு ஓடுகிறார்.

என் சொந்தக் கண்டுபிடிப்பு: காய்ந்த மரத்திலும் எட்டு, பத்து விழுக்காடு ஈரம் இருக்கும். கதவைத் தொட்டால் அவனுக்குச் சுடுகிறது. அதனால்தான் உடைக்கவில்லை.

வேதியியல் வாத்தியார்
பச்சை மக்காச்சோளத் தட்டைக்குள் ஒளிந்துகொண்டானே, அது சுடவில்லையா? டார்ச் வெளிச்சத்தில் ஒரு கால் மட்டும் தெரிந்து, விருட்டென்று பயிருக்குள் மறையும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பயிரில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீர்.

வடைச்சட்டி
இலைமேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது வாத்தியாரே, உங்களுக்குத் தெரியாததா? பிரச்சினை ராத்திரிப் பனித்துளிதான். அதனால்தான் காலை அப்படி வெடுக்கென்று இழுத்தான்!

மூன்றாம்மணி
கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். இது ஏலியன் படமே இல்லை. மனைவி சாகும்போது உளறியதாக நினைத்த வார்த்தை, சுவரில் மாட்டிய பேஸ்பால் மட்டை, பையனின் ஆஸ்துமா, பெண்ணின் டம்ளர்கள் எல்லாம் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒன்றுசேர்கின்றன. ஆஸ்துமாவால் மூச்சுக்குழல் அடைத்திருந்ததால்தான் ஏலியன் விட்ட விஷக்காற்று பையனின் நுரையீரலுக்குள் போகவில்லை. நம்பிக்கை இழந்தவன் அதைத் திரும்பப் பெறுகிற கதைக்கு ஏலியன் வெறும் சாக்கு. எச். ஜி. வெல்ஸ் 1898-இல் புத்தகமாக வந்த நாவலில் செவ்வாய்க்காரர்களைக் கிருமிகளை வைத்துக் கொன்றார். அதை யாரும் ஓட்டை என்று சொல்வதில்லையே?

மொட்டைமாடி
அக்கா, கிருமி கண்ணுக்குத் தெரியாது. பசிபிக் பெருங்கடல் தெரியும்.

மற்றதெல்லாம் நீங்கள் சொல்வது சரிதான். அந்தக் கடைசிக் காட்சியில் எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் இயக்குநருக்கு இந்த ஓட்டை தெரியாமல் இல்லை. 'தண்ணீருக்குப் பக்கத்தில் அவர்கள் வருவதில்லை போலிருக்கிறது, நான் ஏரிப் பக்கம் போகிறேன்' என்று சொல்லிவிட்டுக் காரை எடுக்கும் ரே ரெட்டி வேடத்தில் நடித்தவரே ஷியாமளன்தான்.

பேயோட்டி
அவர் பிறந்த ஊர் கேரளக் கரையோரம் இருக்கும் மாஹே. ஜூன் மாதம் அங்கே இறங்கியிருந்தால் பத்து நிமிடத்தில் படம் முடிந்திருக்கும்.

வேதியியல் வாத்தியார்
அப்போ மழைத்தண்ணீரே போதும், தீர்த்தம் வேண்டாம் என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

பேயோட்டி
வாய்தவறி வந்துவிட்டது. அழிக்க முடியுமா பார்க்கிறேன்.

மொட்டைமாடி
அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டேன். நான் போய் அந்தக் கால் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன், இலையில் பனி இருக்கிறதா என்று. வடைச்சட்டி சொன்னது மட்டும் சரியாக இருந்தால் என் தூக்கம் போச்சு.