கண்டனம், எதிர்ப்பு, ஆட்சேபம்: சுற்றறிக்கையில் எதை எழுதுவது?

பாயா தெருபோங் வாசி:
வணக்கம். எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து நிலத்தில் புதுக் கட்டடம் எழுப்ப விண்ணப்பம் போயிருக்கிறது. பினாங்கு தீவு மாநகர் மன்றத்தின் அறிவிப்பும் கைக்கு வந்துவிட்டது. மன்றத்துக்கு அனுப்ப மலாயில் ‘பந்தாஹான்’ (மறுப்பு) கடிதம் தயார். அதையே குடியிருப்பாளர்களுக்குத் தமிழில் சுற்றறிக்கையாகத் தர வேண்டும். வரைவு இப்படித் தொடங்குகிறது: “மேம்பாட்டாளரையும் மாநகர் மன்றத்தையும் வண்மையாக கண்டிக்கின்றோம். எங்கள் கண்டணத்தை தெரிவித்துக் கொள்கின்றோம்.” செயற்குழுவில் சிலர் ‘எதிர்ப்பு’ போதும் என்கிறார்கள், சிலர் ‘ஆட்சேபம்’ என்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா?

மெய்ப்பு மேசை, செந்தூல்:
முதலில் எழுத்து. ‘வண்மை’ என்றால் கொடைத்தன்மை. வள்ளலைப் பாராட்டும் சொல் அது. நீங்கள் தேடுவது வலிமையைக் குறிக்கும் ‘வன்மை’, இரண்டு சுழி ன. ‘கண்டனம்’ என்பதிலும் முதலில் வருவது ண், பின்னால் வருவது ன. இரண்டையும் ண ஆக்குவதுதான் வாட்சப்பில் அதிகம் பரவும் பிழை. வல்லினமும் விட்டுப்போயிருக்கிறது: வன்மையாகக் கண்டிக்கிறோம், கண்டனத்தைத் தெரிவிக்கிறோம்.

இதைவிடப் பெரிய கோளாறு, யாரைக் கண்டிக்கிறோம் என்பது. அப்பா மகனைக் கண்டிப்பார், ஆசிரியர் மாணவனைக் கண்டிப்பார். ஆளை நேரடியாகச் செயப்படுபொருளாக வைத்தால் பெரியவர் சிறியவரை அதட்டும் தொனி வந்துவிடும். சங்கம் ஒன்று மாநகர் மன்றத்திடம் அப்படிப் பேச முடியாது. செயலைக் கண்டியுங்கள்: “முன்னறிவிப்பின்றி மரங்களை வெட்டியதைக் கண்டிக்கிறோம்.” செயலின் பெயர் வாக்கியத்தில் இல்லையென்றால் கண்டனம் வெறும் சத்தம்தான்.

மொழிபெயர்ப்பு, பிரிக்பீல்ட்ஸ்:
மேலே சொன்னதை ஒட்டி ஒன்று. மரம் வெட்டியாகிவிட்டதா, இல்லையா? நடந்து முடிந்த தவறுக்குத்தான் கண்டனம். நடக்கப்போவதைத் தடுக்க நினைத்தால் எதிர்ப்பு. விண்ணப்பம் ஒன்றின் மீது, உரிய கெடுவுக்குள், காரணம் காட்டி மறுப்பு சொன்னால் ஆட்சேபம். உங்களிடம் வந்திருப்பது மூன்றாவது வகை. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) 21ஆம் பிரிவுப்படி வரும் அறிவிப்பு என்றால், அது சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் பக்கத்து நில உரிமையாளர்கள் காரணத்தோடு ஆட்சேபம் சொல்லலாம். சுற்றறிக்கையில் ‘கண்டனக் கடிதம்’ என்று போட்டால், கோபத்தைக் காட்டக் கையெழுத்து கேட்கிறார்கள் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். கெடு இருப்பதோ, காரணம் எழுத வேண்டும் என்பதோ அந்தச் சொல்லில் தெரியாது. ‘பந்தாஹான்’ இந்த இடத்தில் ஆட்சேபம்தான். மறியலில் பிடிக்கும் பதாகையில் அதே சொல் வந்தால் எதிர்ப்பு.

மற்ற மலாய்ச் சொற்களிலும் கவனம் தேவை. ‘கெசால்’ வருத்தம் அல்லது அதிருப்தி, அதற்கு மேல் ஏற்றாதீர்கள். ‘கெச்சாம்’ கண்டிப்பது. ‘குத்தோக்’ அறிக்கையில் வரும்போது ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’. அகராதியில் முதலில் கண்ணில் படும் ‘சபித்தல்’ என்ற பொருளை எடுத்துப் போட்டால் அறிக்கை கெட்டது.

பாயா தெருபோங் வாசி:
மரம் எதுவும் வெட்டவில்லை, விண்ணப்பம் மட்டும்தான். அப்படியென்றால் ஆட்சேபம். ஆனால் ‘அநியாயம்’, ‘அராஜகம்’, ‘கேவலம்’ என்று ஏதாவது ஒன்றாவது வேண்டும், இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும் என்கிறார்கள்.

சொல்லாய்வு, ஜெலுத்தோங்:
‘கேவலம்’ வேண்டவே வேண்டாம். வடமொழியில் ‘மட்டும், தனியாக’ என்றிருந்த சொல், தமிழில் இழிவு என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. அது செயலை விட்டு ஆளின் தரத்தைத் தாக்குகிறது. பெயரோடு சேர்த்து அச்சில் போட்டால் அவதூறு வழக்குக்கு நீங்களே வழிவிட்டது போலாகும். ‘அராஜகம்’ அரசன் இல்லாத நிலை, அதாவது சட்டம் ஒழுங்கு குலைந்த நிலை. சட்டப்படி போட்ட விண்ணப்பத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? ‘அட்டூழியம்’ வன்முறைக்கும் கொடுமைக்கும் உரியது. ‘அநியாயம்’ மட்டும் ஓரளவு தாங்கும், அதுவும் எது நியாயமில்லை என்று அடுத்த வரியிலேயே சொன்னால்.

‘சீ’, ‘ச்சே’, ‘தூ’ எல்லாம் வாய்ப்பேச்சுக்குத்தான். அவற்றிலும் ‘ச்சே’ ஏமாற்றம், ‘சீ’ அருவருப்பு, ‘தூ’ காறித் துப்புவது. கூட்டத்தில் கடைசிச் சொல் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது.

மெய்ப்பு மேசை, செந்தூல்:
‘தெரிவித்துக் கொள்கின்றோம்’ என்பதையும் எடுத்துவிடுங்கள். அது நன்றிக்கும் வாழ்த்துக்கும் பழகிய முடிவு. கடுமையான சொல்லுக்குப் பின்னால் வந்தால் வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

இப்படி எழுதலாம்: “அடுத்த நிலத்துக்கான கட்டட விண்ணப்பத்தை ஆட்சேபிக்கிறோம். காரணங்கள்: மழைநீர் வடிகால், தீயணைப்பு வண்டி நுழையும் வழி, மலைச்சரிவின் உறுதி. கையெழுத்திட வேண்டிய கடைசி நாள்: …” தேதியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ‘கண்டிக்கிறோம்’ இப்போதைக்குக் கையிருப்பில் இருக்கட்டும். அனுமதி கிடைக்கும் முன்பே மண் வெட்டும் இயந்திரம் உள்ளே வந்தால், அன்றைக்கு மகஜரில் அது வேண்டியிருக்கும்.