மறு: மின்கிட்டார் பிரிட்ஜ் – பாலம் வேண்டாம், குதிரை இருக்கிறது

வணக்கம் ஐயா,

மின்கிட்டார் உறுப்புகளுக்கு நீங்கள் தொகுத்த தமிழ்ச் சொற்பட்டியலைப் பார்த்தேன். அதில் கேட்டிருந்தீர்கள்:

> பிரிட்ஜ் = பாலம், சாடில் = இருக்கை, ட்ரெமலோ பிரிட்ஜ் = நடுங்கு பாலம். சரிதானா?

முதல் சொல்லிலேயே எனக்கு உடன்பாடில்லை. வீணைக் குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கிறதே, வெண்கலத் தகடு பதித்த மரத்துண்டு, அதை வாசிப்பவர்களும் செய்பவர்களும் குதிரை என்றுதான் சொல்கிறார்கள். தம்புராவிலும் அதே பெயர். கிட்டாரிலும் அதற்கு அதே வேலைதான்: தந்தியைத் தாங்குவது, அதிரும் நீளம் எங்கே முடிகிறது என்று வரையறுப்பது, அதிர்வை மரத்துக்குள் இறக்குவது. பிரெஞ்சிலும் இதன் பெயர் ஷெவலே, அதாவது சின்னக் குதிரை.

விலங்கென்று குழம்புவார்கள் என்றால், சதுரங்கத்திலும் துப்பாக்கியிலும் குதிரை இருக்கிறது, யாரும் குழம்புவதில்லை.

இதை ஏற்றுக்கொண்டால், குதிரையின் மேல் தந்தி நேரடியாக அமரும் சிறு துண்டான சாடிலுக்குச் சொல் தேடவே வேண்டாம், சேணம். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் தந்திக்கு ஒன்றாக ஆறு சேணங்கள், அவர்களின் பழைய டெலிகாஸ்டரில் இரண்டு தந்திக்கு ஒன்றாக மூன்று. ஃப்ரெட்டுக்கு வீணையின் மெட்டு இருக்கவே இருக்கிறது. ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: ‘பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டும் சுரம், அங்கேயே லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறி நின்றால் சேணத்தைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.’ தடங்கலில்லாமல் படிக்க முடிகிறது.

நடுங்கு பாலம் வேண்டவே வேண்டாம். ட்ரெமலோ என்றால் ஒலியளவு ஏறி இறங்குவது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு வந்த அமைப்போ சுருதியை அசைக்கிறது, அதற்கு வைப்ராட்டோ என்று பெயர். நிறுவனர் லியோ ஃபெண்டர் அதை ட்ரெமலோ என்றார், அதே நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையர்களிலோ ஒலியளவை அசைக்கும் வசதிக்கு வைப்ராட்டோ என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பிழையை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? அசையும் வகைக்கு ஆடுகுதிரை, அசையாத ஹார்ட்டெயிலுக்கு நிலைக்குதிரை.

அப்புறம், உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டு சொற்கள் மிக அவசரமாக வேண்டும். போன வருடம் என் கிட்டாருக்கு ஆடுகுதிரை மாற்றினேன். ‘ஆறு திருகாணி, எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். வந்த குதிரையில் இரு ஓரத் திருகாணித் துளைகளுக்கு இடையே 56 மி.மீ., என் கிட்டாரில் (பல மலிவு கிட்டார்களில் இருப்பது போல) 52.5. மூன்றரை மில்லிமீட்டருக்காக ஆறு துளைகளையும் மரக்குச்சி வைத்து அடைத்து, பசை காய்ந்த பிறகு புதிதாகத் துளையிட வேண்டியதாயிற்று. தந்திக்குத் தந்தி உள்ள அகலம் வேறு, திருகாணி அகலம் வேறு, ஆனால் கடைகளில் இரண்டையும் வெறும் ஸ்பேசிங் என்று எழுதிவிடுகிறார்கள். நாம் தந்தியிடை, திருகிடை என்று பிரித்தே எழுதுவோம். புதுக் குதிரை வாங்குபவர் முதலில் அளக்க வேண்டியது திருகிடையைத்தான்.

கடைசியாக, கிட்டாரின் முதுகுப் பக்கம் சுருள்வில்களைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புத் துண்டு. ஆங்கிலத்தைப் பார்த்து நகம் என்று போட்டிருக்கிறீர்கள். தந்திகள் குதிரையை முன்னால் இழுக்கின்றன, இது வில்கள் வழியாகப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது, திருகத் திருகப் பிடி இறுகும். கடிவாளம் என்று வைக்கலாமே?