கனடாக் கசெட் நிறமின்றி வருகிறது, இருபது நிமிடத்தில் இணைப்பும் அறுந்துபோகிறது: உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டுப் பழைய வீடியோ கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இரண்டு வாரமாக ஈடுபட்டிருக்கிறேன். கசெட்டை ஓட்டும் வீடியோ டெக்கிலிருந்து மஞ்சள் வயர் வழியே வரும் படத்தை, யூ.எஸ்.பி. பிடிப்புக் கருவி ஒன்றின் மூலம் உபுண்டு இயங்குதளம் நிறுவிய மடிக்கணினியில் பதிவு செய்கிறேன். கருவியின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது ரி.வி.பி. 5150 என்ற சிப்பும், அதன் அருகே ஈ.எம். 2860 என்ற இன்னொரு சிப்பும் இருந்தன.

பத்ரகாளி அம்பாள் கோயில் திருவிழாவை இங்கே எடுத்த கசெட் நல்ல நிறத்தோடு வருகிறது. மாமா 1994 இல் கனடாவிலிருந்து அனுப்பிய கசெட்டுகள்தான் சிக்கல். மென்பொருளில் நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பி.ஏ.எல். என்பதைத் தெரிவு செய்தால் படம் நிற்காமல் உருள்கிறது, கனடாவின் என்.ரி.எஸ்.சி. முறைக்கு மாற்றினால் உருள்வது நின்றுவிடுகிறது, ஆனால் கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது. அதே டெக்கைத் தொலைக்காட்சியில் இணைத்தால் நிறத்தில் குறையே இல்லை.

இன்னொன்று, எந்தக் கசெட்டை ஓட்டினாலும் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் பதிவு நின்று, கருவியின் இணைப்பு அறுந்ததாகக் கணினி குறிப்பெழுதுகிறது. மடிக்கணினியில் ஒரு யூ.எஸ்.பி. துறைதான் வேலை செய்வதால் பிடிப்புக் கருவி, வெளி வன்தட்டு இரண்டையும் ஒரு துறையைப் பலவாகப் பிரிக்கும் சிறிய ஹப் ஒன்றில் செருகியிருக்கிறேன். குறைந்த மின்சக்தியில் இயங்கும் சிப் என்பதால் நீண்ட நேர ஓட்டத்தைத் தாங்காமல் பழுதாகிவிட்டதா, வேறு கருவி வாங்க வேண்டுமா என்று அறிய விரும்புகிறேன்.

முதல் மறுமொழி

தம்பி, கருவியை வீசிவிடாதீர்கள். நான் நெடுங்காலம் டெக் திருத்தியவன். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சிப்பின் பழுதைக் காட்டவில்லை.

நம் நாட்டுப் பி.ஏ.எல். முறையில் படத்துக்கு 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள், நிறத்தைச் சுமக்கும் அலை 4.43 மெகாஹேர்ட்ஸ். கனடாவின் என்.ரி.எஸ்.சி. முறையில் 525 கோடுகள், வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள், நிற அலை 3.58 மெகாஹேர்ட்ஸ். பல முறைகளையும் ஓட்டும் டெக்குகள் கனடாக் கசெட்டை இங்குள்ள தொலைக்காட்சியில் காட்டுவதற்காக ஒரு கலப்பைச் செய்கின்றன: கோடுகளையும் வேகத்தையும் அப்படியே விட்டுவிட்டு, நிறத்தை மட்டும் நம் முறைக்கு மாற்றி அனுப்புகின்றன. இதனைப் பி.ஏ.எல். 60 என்பார்கள். தொலைக்காட்சி அதனை ஏற்றுக்கொள்ளும். ஆனால் உங்கள் ரி.வி.பி. 5150 சிப் ஏற்கும் முறைகளின் பட்டியலில் அது இல்லை. ஆகவே பி.ஏ.எல். என்றால் கோடுகளின் கணக்குப் பொருந்தாமல் படம் உருள்கிறது; என்.ரி.எஸ்.சி. என்றால் கோடுகள் பொருந்தினாலும் நிற அலை அகப்படுவதில்லை.

டெக்கின் முன்புறத்திலோ பின்புறத்திலோ 3.58 என்று எழுதிய தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வைத்தால் டெக் கலப்படமற்ற என்.ரி.எஸ்.சி. அனுப்பும். அப்படியொரு தெரிவு இல்லையென்றால், அது உள்ள டெக்கை யாரிடமாவது இரவல் வாங்குவதே நேர்வழி.

இரண்டாம் மறுமொழி

ஐயா சொன்னதோடு இணைப்பு அறுவதைப் பற்றியும் எழுதுகிறேன். ரி.வி.பி. 5150 செய்யும் வேலை, மஞ்சள் வயரில் வரும் அலையை எண்களாக மாற்றுவது. வழக்கமான இயக்கத்தில் அது எடுப்பது சுமார் 115 மில்லிவாட் மட்டுமே. அந்த எண்களை யூ.எஸ்.பி. வழியே அனுப்பும் மற்றச் சிப்பையும் சேர்த்தாலும், 5 வோல்ட்டில் 500 மில்லி அம்பியர், அதாவது 2.5 வாட் தரும் யூ.எஸ்.பி. 2.0 துறைக்கு அது பாரமில்லை. பாரம் உங்கள் வன்தட்டு. தனி மின்னிணைப்பு இல்லாத ஹப், கணினியிடம் வாங்கும் அந்த 500 மில்லி அம்பியரையே பங்கிடுகிறது; நியமப்படி அதன் ஒவ்வொரு வாய்க்கும் 100 மில்லி அம்பியர்தான் உரியது. வன்தட்டு எழுதும்போது அதைவிடப் பல மடங்கு இழுத்து மின்னழுத்தத்தைத் தாழ்த்திவிடுகிறது. முதலில் மயங்கி விழுவது பக்கத்தில் இருக்கும் பிடிப்புக் கருவிதான்.

தரவின் நெரிசலையும் கவனியுங்கள். 720க்கு 576 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், வினாடிக்கு 25 படம் என்று பெருக்கினால் 2 கோடியே 7 இலட்சம் பைட் வருகிறது. யூ.எஸ்.பி. 2.0 இத்தகைய ஓடைக்கு ஒதுக்கக்கூடிய உச்சம் 2 கோடியே 45 இலட்சத்துக்குச் சற்று மேல். அதே வழியில் வன்தட்டும் ஓடினால் நெரிசல் கூடும். பிடிப்புக் கருவியை நேரே மடிக்கணினியில் செருகி, பதிவை உள் வட்டில் சேமித்து, பிறகு வன்தட்டுக்கு மாற்றுங்கள்.

கேட்டவரின் பதில்

ஐயாவுக்கும் மற்றவருக்கும் நன்றி. டெக்கின் பின்புறத்தில், தூசுக்கு அடியில், 3.58, 4.43 என்று எழுதிய சிறிய நழுவு சுவிட்ச் இருந்தது, 4.43 இல் கிடந்ததை மாற்றினேன். ஹப்பையும் கழற்றிவிட்டேன். நேற்றிரவு ஒரு கசெட் இரண்டு மணி நேரமும் அறாமல் பதிவானது. பனியில் நிற்கும் அம்மம்மாவின் சேலை குங்குமச் சிவப்பு என்று நேற்றுத்தான் கணினியில் கண்டேன்.

இரண்டு கசெட்டுகளில் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிகிறது. அவற்றை இதே டெக்கில் ஓட்டலாமா?

முதல் மறுமொழியாளர்

ஓட்டவே கூடாது, தம்பி. பூஞ்சணம் டெக்கில் நாடாவைப் படிக்கும் தலையில் ஒட்டி மற்றக் கசெட்டுகளுக்கும் பரவும். கடற்காற்றுப் படாத உலர்ந்த பெட்டியில் தனியாக வையுங்கள். சுத்தம் செய்தபின் பார்த்துக்கொள்ளலாம்.