நாவல் எழுதும் மென்பொருள்: புழங்குபவர்கள் சொல்வது

நாவல் போன்ற நீண்ட எழுத்துக்கென்றே உள்ள ஸ்க்ரிவனர் மென்பொருளில் நாவல் ஒரு கோப்பு அல்ல, ஒரு கோப்புறை. விண்டோஸில் அதைத் திறந்து பார்த்தால் முகப்பில் சிறியதாக ஒரு ஸ்க்ரிவ்எக்ஸ் கோப்பு தெரியும். பைண்டரின், அதாவது இடப்பக்கம் காட்சிகளைப் பட்டியலிடும் பலகத்தின், அடுக்கும் தலைப்புகளும்தான் அதில் உண்டு. எழுதியதெல்லாம் உள்ளே ‘டேட்டா’ கோப்புறையில், காட்சிக்கு ஒன்றாக ஆர்டிஎஃப் கோப்புகளாகக் கிடக்கும். வாசித்துப் பார்க்கச் சொல்லி யாருக்காவது அனுப்பும்போது பலர் அந்த ஸ்க்ரிவ்எக்ஸை மட்டும் இணைத்துவிடுகிறார்கள். போய்ச் சேருவது வெறும் தலைப்புகள். கோப்புறை முழுவதையும் ஜிப் செய்து அனுப்ப வேண்டும். ‘பேக் அப் டு’ கட்டளையிலேயே ஜிப் வசதி இருக்கிறது.

இந்த அமைப்பில் ஒரு லாபமும் இருக்கிறது. திட்டம் (நாவலின் அந்தக் கோப்புறை) திறக்கவே மறுத்தாலும் எழுத்து போய்விடாது. ‘டேட்டா’வுக்குள் ஆர்டிஎஃப் என்று தேடி, மாற்றிய தேதிப்படி அடுக்கினால் கடைசியாகக் கைவைத்த காட்சிகள் மேலே வந்துவிடும். வேர்டு, லிப்ரே ஆபீஸ் எதிலும் அவை திறக்கும்.

காப்பு அமைப்பில் கட்டாயம் மாற்ற வேண்டியவை: தானாக எடுக்கும் காப்புகளில் கடைசி 5 பிரதிகளைத்தான் ஸ்க்ரிவனர் இயல்பாக வைத்துக்கொள்ளும். ஒரே நாளில் ஆறு முறை திறந்து மூடினால் நேற்றைய பிரதி காணாமல் போய்விடும். 25 ஆக்குங்கள். காப்புக் கோப்புறையைத் திட்டம் இருக்கும் வட்டிலிருந்து வேறிடத்துக்கு மாற்றுங்கள். ஒரு காட்சியின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்நாப்ஷாட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். அது திட்டக் கோப்புறைக்குள்ளேயே இருக்கிறது. கோப்புறை போனால் அதுவும் போச்சு.

* * *

மேலே சொன்னதோடு, இணையச் சேமிப்பகம் (மேகம்) வழியாகக் கணினிகளுக்கிடையே நடக்கும் ஒத்திசைவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், பாதிக் கேடு அங்கேதான் நடக்கிறது. நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் ஒன்றாக மேகத்துக்குப் போய் வரும்போது, பாதி ஏறிய நிலையில் இன்னொரு கணினியில் திறந்தால் பைண்டர் ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். சில காட்சிகள் வெற்றாகத் தெரியும், அல்லது ‘முரண்பட்ட பிரதி’ என்று இரட்டைக் கோப்புகள் முளைக்கும். இங்கே மூடு, ஒத்திசைவுக் குறி முடிந்தது என்று காட்டும்வரை பொறு, பிறகு அங்கே திற. வேறு மந்திரம் எதுவும் இல்லை. டிராப்பாக்ஸோ ஒன்டிரைவோ, அந்தக் கோப்புறையை ‘எப்போதும் இந்தக் கணினியில்’ என்று வைத்துவிடுங்கள். இடம் மிச்சம் பிடிக்க ‘இணையத்தில் மட்டும்’ என்று விட்டால் காட்சிகள் பாதி இறங்கியபடி திறக்கும். கூகுள் டிரைவில் நேரடித் திட்டத்தை வைக்க வேண்டாம் என்று ஸ்க்ரிவனரை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். ஜிப் காப்பு மட்டும் வைக்கலாம். ஆண்ட்ராய்டுக்கு ஸ்க்ரிவனர் கிடையாது, கைபேசியில் எழுதுபவர்கள் வாங்குமுன் யோசிக்கவும்.

* * *

இவ்வளவு பாடு எதற்கு, வேர்டே போதும். அத்தியாயத்துக்குத் தலைப்பு 1 பாணி (ஸ்டைல்), காட்சிக்குத் தலைப்பு 2 பாணி. நேவிகேஷன் பலகத்தைத் திறந்தால் பைண்டர் மாதிரியே பட்டியல் வரும்; ஒரு காட்சியின் தலைப்பைப் பிடித்து இழுத்தால் அதன் கீழுள்ள உரை முழுதும் கூடவே நகரும். எழுத்தைத் தடிமனாக்கித் தலைப்பு போலக் காட்டினால் இது எதுவும் நடக்காது, பாணியைத்தான் தொட வேண்டும். பல கோப்புகளை ஒன்றாகக் கோக்கும் மாஸ்டர் டாக்குமென்ட் வசதியின் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது கோப்பைக் குலைப்பதில் பெயர் பெற்றது. கணினியில் சேமிக்கும் கோப்புக்குத் தானியங்கி மீட்பு 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும், 2 ஆக்கலாம்.

தமிழுக்கு ஒரு சங்கதி. பாணியில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் அப்படியே இருக்கிறதா? வேர்டு தமிழைக் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்’ கணக்கில் வைத்திருக்கிறது. எழுத்துருப் பெட்டியில் அதற்குத் தனி இடமும் தனி அளவும் உண்டு, அங்கே மாற்றுங்கள். லிப்ரே ஆபீஸில் இதன் பெயர் சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்).

கூகுள் டாக்ஸில் ஓர் ஆவணத்துக்கு 10.2 லட்சம் எழுத்துக்குறிதான் வரம்பு. பெரிய நாவல்காரர்கள் கவனிக்க: ‘தமிழ்’ என்பது நமக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறி.

* * *

அந்த 3-க்கும் 5-க்கும் உள்ள இடைவெளியில்தான் தேடலும் தடுமாறுகிறது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரை, ஓசிஆர் செய்த (படத்திலிருந்து எழுத்தாக மாற்றிய) உரை, பிடிஎஃப்பிலிருந்து ஒட்டியது — இவற்றில் ‘கொ’ இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்றில் ‘ொ’ ஒரே குறி. மற்றதில் கொம்பும் காலும் தனித்தனி. திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ‘கொற்றவை’ என்று தேடினால் பாதி இடங்களில் அகப்படாது. சோதிக்க, ‘கொ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரே ஒரு முறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். ‘க’ மிஞ்சினால் சரியான உரை. ‘கெ’ மிஞ்சினால் உடைந்த உரை. பைத்தான் நிரல்மொழியின் யூனிகோடு நூலகத்தில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற சீராக்கம் இருக்கிறது, மொத்தக் கோப்பையும் அதில் ஒரு தடவை ஓட்டினால் தீரும்.

‘கௌ’ அப்படித் தீராது. ‘கௌரி’ என்று அடிக்க வேண்டியதை க, கொம்பு, ள என்று ‘கெளரி’யாக அடித்திருப்பார்கள், சீராக்கம் இதைத் தொடாது, ஏனெனில் அது வேறு சொல்லாகவே கணக்காகிறது. உடனே ‘கெள’வையெல்லாம் ‘கௌ’ ஆக்கிவிடலாம் என்று தோன்றும். செய்தால் கெளுத்தி மீன் செத்துவிடும். ‘வெள’வை மாற்றினால் ‘வெளி’ போச்சு, ‘தெள’வை மாற்றினால் ‘தெளிவு’ போச்சு. கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம் என்று முழுச் சொல்லாகப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் வழி.

பாத்திரத்தின் பெயரை மாற்றுவது இன்னும் வேடிக்கை. ‘முருகன்’ என்று தேடினால் முருகனை, முருகனுக்கு, முருகனின் எதுவும் சிக்காது, புள்ளி போய்விட்டதல்லவா. புள்ளி இல்லாமல் ‘முருகன’ என்று தேடுங்கள். புதுப்பெயர் ‘சேகர்’ என்றால் ‘முருகன’வுக்குப் பதில் ‘சேகர’ என்று கொடுத்தால் சேகர், சேகரை, சேகருக்கு எல்லாம் தானாக அமையும். ‘ராஜா’ என்றால் இரண்டு நடை: முதலில் ‘முருகன்’ இருக்கும் இடமெல்லாம் ‘ராஜா’. அடுத்து ‘முருகன’வுக்குப் பதில் ‘ராஜாவ’ — ராஜாவை, ராஜாவுக்கு, ராஜாவும். வரிசையைப் புரட்டினால் ‘ராஜாவ்’ என்று ஒரு விநோதப் பிறவி அத்தியாயம் தோறும் உலவும். இன்னொரு எச்சரிக்கை, ‘முருக’ என்று இன்னும் குறுக்கித் தேடினால் முருகேசனும் மாட்டிக்கொள்வார். எதுவானாலும் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானுக்கு முன் ஒரு ஸ்நாப்ஷாட்டோ பிரதியோ எடுத்துவிடுங்கள்.

* * *

அச்சுக்குப் பக்கம் வடிவமைப்பவர்கள் தரப்பிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். எங்களுக்கு வேண்டியது வேர்டின் ஒரே டாக்ஸ்எக்ஸ் கோப்பு, அத்தியாயத் தலைப்பு, உடல் உரை, காட்சி இடைவெளி மூன்றுக்கும் தனித்தனிப் பாணி. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் உள்ளே இழுக்கும்போது பாணிக்குப் பாணி பொருத்திக்கொள்ளும், 400 பக்கமானாலும் சில நிமிட வேலை. காட்சி இடைவெளிக்கு வெற்று எண்டர் நாலைந்து தட்டுவது எங்களுக்குப் பெரும் தொல்லை. அந்த இடம் பக்கத்தின் கடைசியில் விழுந்தால் இடைவெளி இருந்ததே வாசகருக்குத் தெரியாது. மூன்று நட்சத்திரம் போட்டுவிடுங்கள், தேடிப் பிடிக்க எளிது.

ஸ்க்ரிவனர்காரர்கள் கம்பைல் செய்யும்போது (காட்சிகளை ஒரே கோப்பாகச் சேர்க்கும்போது) காட்சிகளுக்கு நடுவே வரும் பிரிப்பானை அங்கேயே நட்சத்திரமாக அமைக்கலாம். பைண்டரில் உங்கள் வசதிக்கு வைத்த ‘காட்சி 14 - கிணற்றடி’ போன்ற தலைப்புகள் அச்சுக்கு வந்துவிடாமல் அணைத்துவிடுங்கள், இது அடிக்கடி நழுவி வருகிறது.

இன்டிசைனில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றால் கோப்பில் பிழை இல்லை. இந்திய மொழி எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ பத்திக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. பிழைதிருத்தப் பிடிஎஃப் வந்ததும் அதிலிருந்து உரையை நகலெடுத்து உங்கள் மூலக்கோப்பில் ஒட்டாதீர்கள். மேலே ஒருவர் சொன்ன உடைந்த ‘கொ’ பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. திருத்தங்களைக் கையால் மூலத்தில் போடுங்கள், அல்லது டாக்ஸ்எக்ஸாகவே திருப்பிக் கேட்டு வாங்கி வேர்டின் ‘கம்பேர்’ வசதியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.