கப்பலில் வாந்தி வராமல் இருக்க: ஆயாவோடு பினாங்கு போன அனுபவம்

முதல் தடவை கப்பல் ஏறுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். குமட்டலைத் தடுக்கிற வேலையில் பாதி, ஏறுவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போடுகிற மாத்திரை வயிற்றில் தங்காது.

எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, பினாங்குத் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க ரொம்ப நாள் ஆசை. ஐயா (தாத்தா) அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறிப் பினாங்கில் இறங்குவாராம். 1926-இல் கட்டிய கப்பல் அது. வங்கக் கடலில் ஆடி ஆடிப் போன கதையைக் கேட்டே ஆயாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. காரைக்குடியில் பஸ் ஏறினால் பிள்ளையார்பட்டி வருவதற்குள் வயிற்றைப் பிரட்டுகிற உடம்பு வேறு.

அதனால் சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல் என்று முடிவு செய்தோம். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலேசியா. பெருங்கடல் அலை அவ்வளவாக உள்ளே வராது. அறையைக் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேட்டு வாங்கினோம். ஆட்டம் குறைவாகத் தெரிகிற இடம் அதுதான். வேறொரு பயணத்தில் ஆச்சி (அக்கா) வீட்டில் கடல் நன்றாகத் தெரியட்டும் என்று மேல் தளத்தில், முன்முனையில் அறை எடுத்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, பாவம்.

மாத்திரையை டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். புரோமெத்தசின் மாதிரியானவை நன்றாகவே கேட்கும், ஆனால் தூக்கம் வரும். கண் அழுத்தம், புரோஸ்டேட் தொந்தரவு இருப்பவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுவது அவசியம். ஆயாவின் பிரஷர் மாத்திரைகளையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தார். கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொண்டார்.

அப்புறம் சாப்பாடு. வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. ஆயாவுக்கு இட்லி, ரசஞ்சாதம் போதுமாக இருந்தது. கறுத்துச் சுருங்கிய உப்பு நார்த்தங்காயை நகத்தால் கிள்ளிக் கிள்ளி வாயில் அடக்கிக்கொண்டார். எனக்கு இஞ்சி மரப்பா.

இவ்வளவு செய்தும் சாயங்காலம் அறைக்குள் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்த என் மகனுக்கு முகம் வெளுத்து, நெற்றி வியர்த்துவிட்டது. ஆட்டம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குத் தெரிகிறது, போனையே பார்க்கிற கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த முரண்தான் குமட்டலைக் கிளப்புகிறது. உடனே திறந்த தளத்துக்குக் கூட்டிப்போய், கடலும் வானமும் சேர்கிற கோட்டையே பார்க்கச் சொன்னேன். ஆயா பக்கத்தில் நின்று, "அப்பு, வாயால மூச்சு விடாதே, மெதுவா மூக்கால இழு" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பசிக்கிறது என்றான்.

பினாங்கில் நகரத்தார் கோயிலில் நிற்கும்போது தரை ஆடுகிற மாதிரி இருக்கிறது என்றார் ஆயா. இறங்கிய பிறகு பலருக்கும் அப்படித் தோன்றும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். வயதானவர்களை அதுவரை படிக்கட்டில் தனியாக விடாதீர்கள். நாள் கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.