பயோசாருக்கு என்ன சொல்: உயிர்க்கரி, உரக்கரி, மண்கரி?

குழுமத்தாருக்கு வணக்கம்.

மரக்கழிவு போன்றவற்றைக் காற்றுப் படாமல் சூடாக்கி, மண்ணில் போடுவதற்காகச் செய்யும் கரியான பயோசாருக்கு (biochar) நம் கலைச்சொல் பட்டியலில் 'உயிர்க்கரி' என்றே உறுதி செய்துவிடலாம் என்கிறீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. பயோ என்று வந்தாலே உயிர் என்று போட்டுவிடுகிறோம். அடுப்புக்கரியும் மரத்திலிருந்து வருவதுதான். அப்படியானால் அதுவும் உயிர்க்கரிதானே?

எனக்கு இது ஏட்டுச் சங்கதி மட்டும் இல்லை. வடசென்னையில் அறுவை மில்களின் தூளும் சிராயும், துறைமுகச் சரக்கோடு வந்து உடைந்த பெட்டிப் பலகைகளும், தெருவில் வெட்டிப் போட்ட கிளைகளும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்தது. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் மரம் மீத்தேன் விடும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 27 மடங்கு சூடேற்றும் வாயு அது. அதே மரத்தை ஆக்சிஜன் படாமல் 400, 500 டிகிரி செல்சியஸில் வேகவைத்தால் காய்ந்த எடையில் கால் பங்கோ சற்றுக் கூடவோ கரியாக மிஞ்சும். மரத்திலிருந்த கார்பனில் பாதி போல அதில் தங்கிவிடும். எரிக்காமல் மண்ணில் போட்டால் அதில் பெரும்பகுதி பல நூறு ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். ஸ்டாக்ஹோம் மாநகராட்சி தோட்டக் கழிவைக் கரியாக்கும் ஆலையை 2017இல் தொடங்கியது. அந்தக் கரியை ஜல்லியோடு கலந்து சாலை மரங்களின் வேருக்குப் போடுகிறார்கள். (பெயிண்ட் அடித்த பலகையும் பிளைவுட்டும் இதற்கு ஆகாது, நஞ்சு மண்ணுக்குப் போய்விடும். நம் பக்கம் தரம் பிரிப்பதுதான் பெரிய பாடாக இருக்கும்.)

ஆக, அடுப்புக்கரிக்கும் இதற்கும் முக்கிய வித்தியாசம் போய்ச் சேரும் இடம்தான். 'உரக்கரி' என்று ஒருவர் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வம்பு. வெறும் கரி உரம் ஆகாது. தொழுவுரத்தோடு ஊறவைக்காமல் போட்டால் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும். 'புதைகரி' என்றால் புதைபடிவ எரிபொருள் நினைவு வருகிறது. என் முன்மொழிவு 'மண்கரி'.

மறுமொழி:

ஐயா, மண்ணும் கரியும் புணர்ந்தால் மட்கரி. மாநகராட்சி வண்டியில் 'மட்கும் குப்பை' என்று எழுதியிருக்கிறதே, மட்காமல் கிடப்பதற்காகவே செய்யும் பொருளுக்கு இந்தப் பேரா? எண்ணூர்க்காரர்கள் நிலக்கரியோடு வேறு குழப்பிக்கொள்வார்கள். ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்தை அடுக்கி, மண் மூடிக் கரி எடுப்பதை 'மூட்டம்' என்பார்கள். 'மூட்டக்கரி' என்றால் என்ன?

மறுமொழி:

மட்பாண்டம் என்கிற நாம்தான் மண்பானை, மண்சட்டி என்றும் சொல்கிறோம். மட்கரி என்று யாரும் சொல்லப்போவதில்லை. நிலக்கரிக் குழப்பம் நியாயமான கேள்வி. மணலியில் நாலு பேரிடம் சொல்லிப் பார்க்க வேண்டியதுதான். மூட்டம் எனக்கும் பிடித்த சொல், ஆனால் கூடவே புகையும் வருகிறது. குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025இல் போராடிய கொடுங்கையூர் மக்களிடம் போய் 'மூட்டக்கரி ஆலை' என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூடிய உலையில் வரும் வாயுவை அங்கேயே எரித்து அந்தச் சூட்டையே பயன்படுத்தலாம் என்பதை அப்புறம் யார் கேட்பார்கள்? ஆக்சிஜன் படாமல் வேகவைக்கும் செய்முறைக்கு (pyrolysis) 'வெப்பச்சிதைவு' இருக்கட்டும். சரி, பட்டியலில் மண்கரியை முதலில் போட்டு, ஏற்கெனவே புழங்கும் உயிர்க்கரியைப் பக்கத்தில் வைத்துவிடுவோமா?